இசைத்தட்டு உறையிலிருந்து சுவருக்கு வந்த படங்கள்

ராக் இசைப் புகைப்படங்களை மட்டுமே காட்சிக்கு வைத்து விற்கும் அந்தக் கூடத்தின் முதல் அறையில், நுழைவாயிலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஒரே ஒரு படம்தான் மாட்டப்பட்டிருந்தது. விறகு பிளக்கக் கோடரியை ஓங்குபவனைப் போல முதுகை வளைத்துக் கால்களை அகட்டி நின்று, பேஸ் கிதாரின் கழுத்தை இரு கைகளாலும் பற்றி, அதை மேடைத் தளத்தில் அடித்து உடைக்கப்போகும் ஓர் இளைஞரின் படம் அது. முகம் தெரியவில்லை. த க்ளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவின் பேஸ் கலைஞர் பால் சைமனனை 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பாலேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் எடுத்த இந்தப் படம், அதே ஆண்டு டிசம்பரில் ‘லண்டன் காலிங்’ இசைத்தட்டின் உறையாக வந்தது. அந்த உறையை நான் எத்தனை முறை கையில் எடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் இடப்பக்கம் இளஞ்சிவப்பிலும் அடியில் பச்சையிலும் ஓடும் எழுத்துகள் இல்லாமல், வெள்ளி உப்பு பூசிய தாளில் எழுந்த கறுப்பு வெள்ளைப் படமாக அதை நான் கண்டது அன்றுதான்.

எழுத்துகள் நீங்கியதும் படம் வேறாகிவிட்டது. உறையில் நம் கண் முதலில் வண்ணத்துக்கும் பெயருக்கும் போகிறது. இங்கே போவதற்கு அந்த வளைந்த முதுகைத் தவிர வேறு இடமில்லை. ஓர் அடி தூரம் வரை நெருங்கிப் பார்த்தேன். கிதாரின் விளிம்பும் கால்சட்டையின் மடிப்பும் கோடாக இல்லாமல் துகள்களாகச் சிதறி, சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தன. படம் ஃபோகஸ் தவறியது என்பது உறையில் அவ்வளவாகத் தெரியாது. அச்சில் மறைக்க முடியாது. அந்தக் காரணத்துக்காகவே இதை உறையில் போட வேண்டாம் என்று பென்னி ஸ்மித் தொடக்கத்தில் மறுத்தார் என்பதும், இசைக்குழுவினரும் உறையை வடிவமைத்தவரும் விடாமல் வற்புறுத்தினார்கள் என்பதும் பலமுறை பதிவான செய்திகள். தன்னை நோக்கி வரும் மனிதனிடமிருந்து பின்வாங்கிக்கொண்டே எடுக்கப்பட்ட படம் வேறு எப்படி இருக்க முடியும்? அந்தக் கலங்கலைச் சரிசெய்துவிட்டால் இதில் மிஞ்சுவது ஒரு கிதார் உடையும் தகவல் மட்டுமே என்று, அச்சின் முன்னால் நின்றபோது எனக்கு உறுதியாகத் தோன்றியது.

இந்த முதல் அறைக்காகவே கூடத்துக்கு ஒருமுறையேனும் போகலாம். இரண்டாம் அறையைப் பற்றி எனக்கு நிறையக் குறைகள் உண்டு. அவற்றையும் இங்கே எழுதத்தான் போகிறேன்.

ராக் இசைப் புகைப்படங்களுக்கென்று தனிக் கூடங்கள் தோன்றியது அண்மைக் காலத்தில்தான். இவ்வகைக் கூடங்களில் நன்கு அறியப்பட்ட ஒன்றான மாரிசன் ஹோட்டல் கேலரி, 2001இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. த டோர்ஸ் குழுவின் ‘மாரிசன் ஹோட்டல்’ உறைப் படத்தை எடுத்த ஹென்றி டில்ட்ஸ் அதன் நிறுவனர்களில் ஒருவர். கூடத்தின் பெயரும் அங்கிருந்தே வந்தது. அதற்கு முன்பு இப்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாழ்வு என்பது வார இதழ்களின் மட்டமான தாளிலும், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் சதுரமான இசைத்தட்டு உறையிலும், மாணவர் விடுதிச் சுவர்களில் ஒட்டப்பட்ட போஸ்டரிலும்தான் இருந்தது. எடுத்தவர்களும் தங்களைக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அல்லர். அவர்கள் இதழ் வேலைக்குப் போனவர்கள், இசை நிறுவனத்தின் அழைப்பில் போனவர்கள், சிலர் வெறும் ரசிகர்களாகப் போனவர்கள். கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967 ஜூனில் மான்டெரே விழா மேடையில் தன் கிதாருக்குத் தீ வைத்து அதன் முன் மண்டியிட்டிருக்கும் படத்தை எடுத்தபோது எட் காராஃபுக்கு வயது 17. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அது பின்னாளில் வண்ணம் ஏற்றப்பட்டு ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் அட்டைக்கு வந்தது. இப்படிப் பிறந்த படங்களை மரச்சட்டமிட்டு, வெண்சுவரில் கண் மட்டத்தில் மாட்டி, எண்ணும் கையொப்பமும் இட்டு ‘கலை’ என்று விற்கும்போது, அந்தச் சொல்லுக்கு ஈடாகக் கூடம் என்ன உழைப்பைத் தந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்மைப் போன்ற பார்வையாளர்களின் வேலை.

முதல் அறையில் அந்த உழைப்பு தெரிகிறது. பென்னி ஸ்மித்தின் படத்துக்கு வலப்புறச் சுவரில், பிழையிலிருந்து பிறந்த வேறு இரண்டு படங்களை அடுத்தடுத்து மாட்டியிருக்கிறார்கள். எந்த அறிவிப்புப் பலகையும் இதைச் சொல்லவில்லை என்றாலும், படங்களைத் தேர்ந்தவரின் மனம் ஓடிய வழி கண்ணுக்குப் புலப்படுகிறது. ஒன்று, 1966இல் வெளிவந்த பாப் டிலனின் ‘ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்’ உறைக்காக ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க் எடுத்த வண்ணப்படம். கழுத்தில் துண்டு சுற்றிய, தடித்த மேலங்கி அணிந்த டிலனின் உருவம் இரண்டாக அசைந்து தெரிகிறது. அந்த அசைவுக்குப் போதை மயக்கம் என்றும் வேறு என்னென்னவோ என்றும் பலர் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அன்று நியூயார்க்கில் குளிர் கடுமையாக இருந்தது, இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தோம், கேமராவும் அசைந்தது என்பதுதான் ஷாட்ஸ்பெர்க் தரும் விளக்கம். கூர்மையான மற்றப் படங்களை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தவர் டிலன்.

மற்றொன்று அமெரிக்கப் பாடகர் லூ ரீட். 1972இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியிலிருந்த திரையரங்கு ஒன்றில் அவர் பாடியபோது மிக் ராக் எடுத்த படம். அதே ஆண்டில் வந்த ‘ட்ரான்ஸ்ஃபார்மர்’ இசைத்தட்டின் உறை. இங்கே பிழை நேர்ந்த இடம் மேடையன்று, இருட்டறை. நெகட்டிவை எடுத்துத் தாளில் பெரிதாக்கும்போது ஃபோகஸ் நழுவி, கண்கள் இரண்டும் கரிய பள்ளங்களாகவும் முகம் சுண்ணாம்புபோல வெளுத்தும் விழுந்தன. அந்த விபத்தைத்தான் லூ ரீட் விரும்பினார். அதே விபத்தை வேண்டுமென்றே மீண்டும் நிகழ்த்துவதற்கு மிக் ராக் பலமுறை முயல வேண்டியிருந்தது. இந்தச் செய்தியை நான் முன்பே படித்திருந்தாலும், அச்சின் முன் நின்றபோதுதான் அதன் முழுப் பொருள் விளங்கியது. புகைப்படம் என்பது கேமராவின் பொத்தானை அழுத்தும் நொடியோடு முடிந்துவிடுவதில்லை. நெகட்டிவ் என்பது ஒரு பாடலின் சுரக்குறிப்பைப் போன்றது, அச்சிடுபவர் ஒவ்வொரு முறையும் அதைப் பாடிக் காட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு நேரம் ஒளி படவேண்டும், எந்த மூலையைக் கையால் மறைத்து வெளுப்பாக்க வேண்டும், எந்த மூலையைக் கூடுதலாகக் கறுக்கவிட வேண்டும் என்று இருட்டறையில் எடுக்கப்படும் முடிவுகளே ஒரு படத்தை மற்றொரு படத்திலிருந்து பிரிக்கின்றன. ஆகவே இந்தப் படங்களைக் கலை என்று அழைக்க விரும்பும் கூடம் முதலில் மதிக்க வேண்டியது அச்சைத்தான். படத்தில் இருப்பவரின் புகழ் அதற்குப் பிறகுதான்.

இதே அறையின் கடைசிச் சுவரில் ஜிம் மார்ஷலின் சிறிய அச்சுகள் வரிசையாக உள்ளன. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் குழு நடத்திய கடைசிக் கட்டண இசை நிகழ்ச்சியின் மேடைப் பின்புறத்தில் அனுமதிக்கப்பட்டவர் அவர்; 1969இல் சான் குவென்டின் சிறையில் பாடகர் ஜானி கேஷ் கேமராவை நோக்கிச் சினத்தோடு விரல் காட்டிய படமும் அவருடையதே. நெகட்டிவின் முழுச் சட்டகத்தையும், ஓரத்துக் கறுப்புக் கோடு உட்பட, வெட்டாமல் அச்சிட்டிருக்கிறார்கள். எடுக்கும்போதே கண் முடிவு செய்துவிட்டது, பிறகு எதையும் கத்தரிக்கத் தேவையில்லை என்பதற்கு அந்தக் கறுப்புக் கோடு சாட்சி. முன்பின் தெரியாதவர்களை அவ்வளவு நெருக்கத்தில் விடமாட்டார்கள் என்பது இப்படங்களைப் பார்க்கும் எவருக்கும் புரியும். இப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாடல்கள் வரை மட்டும், ஃபிளாஷ் இல்லாமல், மேடைக்கும் தடுப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. வேர்வை வழிவதற்கு முன்பே, தலைமுடி கலைவதற்கு முன்பே படம் எடுப்பவர்கள் வெளியே அனுப்பப்பட்டு விடுகிறார்கள். பழைய படங்களுக்கும் புதிய படங்களுக்கும் இடையே நாம் உணரும் வேறுபாட்டுக்கு இந்த விதி ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

துகள்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கோடாக்கின் டிரை-எக்ஸ் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 400. மங்கலான மேடை வெளிச்சத்துக்கு அது போதாமல், 1600 என்று வைத்துக்கொண்டு எடுத்து, கழுவும்போது உருவை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் கூடுதல் நேரம் வைத்து ஈடுகட்டுவார்கள். ‘புஷ்’ செய்வது என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் இந்த முறையில் நிழல் பகுதிகள் முற்றிலும் கறுத்து, வெளிச்சப் பகுதிகளில் துகள்கள் மணல்போல எழும்பி நிற்கும். நாம் ராக் இசையின் முரட்டுத்தனம் என்று கண்ணால் அறிந்து வைத்திருப்பதில் பாதி, உண்மையில் இந்த வேதியியல்தான். சிறிய அச்சில் அந்த மணல் இறுகிப்போய் தோலின் பதத்தைப் பெறுகிறது. அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் உதிர்ந்து புள்ளிகளாகிவிடுகிறது.

இரண்டாம் அறையில் நேர்ந்தது அதுதான். ஒரு சுவர் முழுவதையும் அடைக்கும் அளவில் நான்கு படங்களைப் பெரிதாக்கி, பளபளக்கும் அக்ரிலிக் பலகையின் கீழ் ஒட்டி, நேர்மேலே வலுவான விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். நான் எங்கே நின்றாலும் பாடகரின் நெஞ்சில் என் முகமே தெரிந்தது. தொலைவில் நின்றால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. நெருங்கினால் பார்க்க ஒன்றுமில்லை. 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் என்பது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு துண்டு. அதைக் கதவைவிட உயரமாக இழுப்பது தொழில்நுட்பத்தால் இயலும் என்பதற்காகச் செய்யத்தக்கதாகிவிடாது. பெரிய அளவையே நான் மறுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அதே அறையில் பீட்டில்ஸ் குழுவின் ‘அபி ரோட்’ உறைக்காக இயன் மக்மில்லன் எடுத்த படம் ஓரளவு பெரிதாகவே உள்ளது, அது அந்த அளவைத் தாங்குகிறது. 1969 ஆகஸ்ட் 8 அன்று, காவலர் ஒருவர் போக்குவரத்தை நிறுத்தித்தர, சாலை நடுவே ஏணியில் ஏறி நின்று அவர் எடுத்தவை ஆறே படங்கள். எடுத்து முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. சதுர வடிவ நடுத்தர ஃபிலிமில் எடுத்ததால் மரத்தின் இலைகள் வரை விவரம் நிற்கிறது. ஐந்தாவதாக எடுத்ததுதான் உறைக்குத் தேர்வானது. நால்வரின் கால்களும் கத்தரிக்கோல் விரிவதுபோல ஒரே ஒழுங்கில் விரிந்திருப்பதைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தேவையில்லை. எந்தப் படம் எந்த அளவைத் தாங்கும் என்பதைப் படமே சொல்லும். முதல் அறையை அமைத்தவர் அதைக் கேட்டிருக்கிறார். இரண்டாம் அறையை அமைத்தவர், வாங்குபவரின் வரவேற்பறைச் சுவர் எவ்வளவு அகலம் என்று கேட்டிருக்கிறார் போலும்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தவை பெயர் அட்டைகள். அந்த அறையில் பாடகரின் பெயரைத் தடித்த பெரிய எழுத்திலும், எடுத்தவரின் பெயரை அதன் கீழே கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்திலும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆண்டு சிலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அச்சின் வகை எதிலுமே இல்லை. இது வெள்ளி உப்புத் தாளில் இருட்டறையில் செய்ததா, நெகட்டிவை ஸ்கேன் செய்து நிறமி மையால் இங்க்ஜெட்டில் அச்சிட்டதா, எடுத்த காலத்திலேயே அச்சிட்டதா, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அச்சிட்டதா என்பவை எல்லாம், கலை என்று சொல்லி விற்கப்படும் பொருளின் அடிப்படை விவரங்கள். முதல் அறையின் அட்டைகள் இவற்றையெல்லாம் முறையாகத் தருவதால், கூடத்தாருக்கு இது தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

எடுத்தவரின் பெயர் சிறிதாகிப் போவது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமன்று. இந்தத் துறையில் அது உரிமை சார்ந்த பழைய புண். 1967 நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தொடங்கியபோது அதன் முதல் தலைமைப் புகைப்படக் கலைஞரான பாரன் வோல்மன், ஊதியம் கேட்பதற்குப் பதிலாகத் தன் படங்களின் உரிமை தன்னிடமே இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். அந்த ஒரு நிபந்தனையால்தான் பிற்காலத்தில் அவர் அவற்றை அச்சிட்டுக் காட்சிக்கு வைக்கவும் விற்கவும் முடிந்தது. அவ்வாறு கேட்கத் தெரியாத எத்தனையோ பேரின் நெகட்டிவ்கள் நிறுவனங்களின் அலமாரிகளில் கிடக்கின்றன. லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை மூலமாகக் கொண்டு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் ஓவிய வரிசை ஒன்றைச் செய்தார். 1984இல் ஓர் இதழில் ஒருமுறை பயன்படுத்துவதற்கென்று கோல்ட்ஸ்மித்துக்குத் தரப்பட்ட உரிமத் தொகை 400 டாலர். பிரின்ஸ் மறைந்த 2016இல் அதே வரிசையின் வேறோர் ஓவியத்தை அட்டையில் போட, வார்ஹால் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கிடைத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பெயர்கூட இடம்பெறவில்லை. இதையொட்டி எழுந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 மே மாதம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித்துக்குச் சாதகமாக முடிந்தது. இவ்வளவு நடந்த பிறகும், இவர்களுக்காகவே நடத்தப்படும் ஒரு கூடத்தில் பெயர் சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வர என்னால் முடியவில்லை. பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை; குறித்துக்கொண்டார்.

இசையைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். கூடத்தில் பகல் முழுவதும் பாடல்கள் ஒலிக்கின்றன. ராக் படங்கள் இருக்கும் இடத்தில் ராக் ஒலிப்பதில் என்ன தவறு என்று தோன்றலாம். எனக்கும் முதல் நாள் அது தவறாகத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் காலையில் கதவு திறந்தவுடனே போய்விட்டேன், ஒலிபெருக்கியை இன்னும் இயக்கவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் அந்த அறைகள் அமைதியாக இருந்தன. அந்த இருபது நிமிடத்தில் நான் கண்டவற்றை முந்தைய நாள் இரண்டு மணி நேரத்தில் காணவில்லை. பாட்டு ஒலிக்கும்போது, படம் தர வேண்டிய உணர்ச்சியைப் பாட்டே தந்துவிடுகிறது, கண் சோம்பேறியாகிவிடுகிறது. ஓசையே இல்லாத இடத்தில்தான், உச்சக் குரலில் கத்திக்கொண்டிருக்கும் ஒருவரின் திறந்த வாயைப் பார்த்து, அதிலிருந்து ஒன்றும் கேட்காத நிலையில், கழுத்து நரம்பு புடைத்திருப்பதையும் விரல்கள் மைக்கின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விதத்தையும் நாம் கவனிக்கத் தொடங்குகிறோம்.

அந்த அமைதியில் நான் அதிக நேரம் நின்றது கெவின் கமின்ஸின் படத்தின் முன்னால். 1979 ஜனவரி 6 அன்று மான்செஸ்டரின் ஹியூம் பகுதியில், சாலைக்கு மேலே செல்லும் நடைபாலத்தில் ஜாய் டிவிஷன் குழுவினர் நிற்கிறார்கள். எங்கும் பனி. பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் இரு புறமும் ஓடித் தொலைவில் குவிகின்றன. மனிதர்கள் மிகச் சிறியவர்கள், கரிய புள்ளிகள் என்றே சொல்லலாம். கிதார் இல்லை, மேடை இல்லை, வேர்வை இல்லை, யாரும் கேமராவுக்காக எதுவும் செய்யவில்லை. ஓர் இசைக்குழுவை அறிமுகம் செய்ய எடுக்கப்படும் படத்தில் முகங்கள் தெரிய வேண்டும் என்பது அடிப்படை விதி. அந்த விதியைக் கமின்ஸ் கைவிட்டிருக்கிறார். அச்சில் பனியின் வெண்மை ஒரே வெண்மையாக இல்லை. மிதிபட்ட இடம் சற்றே சாம்பல், மிதிபடாத ஓரம் தாளின் வெள்ளைக்குச் சமம், வானம் இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம். இந்த மூன்று வெண்மைகளுக்கும் இடையிலான வேறுபாடு இதழ்த் தாளில் கரைந்துவிடும், கைபேசித் திரையில் வெளிச்சமாகிவிடும். இங்கே மூன்றையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. இந்தக் குழுவின் பெயரையே கேட்டிராத ஒருவரும் இந்த அச்சின் முன் நிற்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாம் அறையின் பெரும்படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே பெயரை மறைத்தால் படமும் மறைந்துவிடும்.

பாடகி பட்டி ஸ்மித்தின் ‘ஹார்சஸ்’ உறைக்காக 1975இல் ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த படமும், ஹென்றி டில்ட்ஸின் சில படங்களும் இடைவழியில் உள்ளன. மேப்பிள்தார்ப் படத்தில் ஜன்னல் வழி வந்த வெயில் வெண்சுவரில் முக்கோணமாக விழுந்திருப்பது அழகு. ஆனால் இடைவழி குறுகலாக இருப்பதால் போதிய தூரம் நின்று பார்க்க வழியில்லை, பின்னால் வருபவருக்காக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது.

இனி வாங்கிய அனுபவம். நான் வாங்கியது புகழ்பெற்ற எவருடைய படமும் அன்று. உள்ளறையில், பருத்தித் தாள்களுக்கு இடையே தட்டையான இழுப்பறைகளில் வைத்திருக்கும் அச்சுகளைக் கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள். இந்தச் சேவையைப் பலர் கவனிப்பதில்லை, அவசியம் கேளுங்கள். கையுறை அணிந்து, ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, அவசரப்படுத்தாமல் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, ஒரு டிரம்மரின் கைகள் மட்டும். விரல் மூட்டுகளில் சுற்றிய வெள்ளைப் பட்டையின் ஓரம் அழுக்கேறிப் பிரிந்திருக்கிறது. இடக்கைக் குச்சி தெளிவாகவும் வலக்கைக் குச்சி விசிறிபோல விரிந்த மங்கலாகவும் பதிந்திருக்கிறது. சிம்பலின் மேல் ஒரு துளி வேர்வை விழுந்து உலர்ந்த வட்டம். எந்தக் குழு என்று நான் கேட்கவில்லை. மறு நாளும் போய் அதையே எடுக்கச் சொன்னேன்.

வாங்குவோருக்கு மூன்று வகை அச்சுகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். எடுத்த காலத்தை ஒட்டி அச்சிட்டதை ‘வின்டேஜ்’ என்பார்கள். அது அரிது, விலையும் மிகுதி. பின்னாளில் கலைஞரே அச்சிட்டோ மேற்பார்த்தோ கையொப்பமிட்டது அடுத்தது. கலைஞர் மறைந்தபின் குடும்பத்தாரோ அறக்கட்டளையோ அச்சிட்டு முத்திரையிட்டது மூன்றாவது. அதில் தவறில்லை, ஆனால் அது அவர் கண் படாத அச்சு என்பதை அறிந்து வாங்க வேண்டும். அடுத்து, ‘50இல் 12’ என்று, அதாவது ஐம்பது அச்சுகளில் பன்னிரண்டாவது என்று, எண் இருந்தால் அந்த ஐம்பது என்பது ஒரே அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுகளுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பெரிது, நடுத்தரம், சிறிது என்று ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி ஐம்பது அச்சிட்டால் ‘குறைந்த எண்ணிக்கை’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. இதைக் கேட்டபோது இந்தக் கூடத்தார் மழுப்பாமல், மூன்று அளவுகள் உள்ளன, கலைஞருக்கென்று ஒதுக்கிய அச்சுகள் தனி என்று எழுத்திலேயே தந்தார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த படத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. சான்றிதழில் குறிக்கப்பட்ட எண்ணும், அச்சின் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்த எண்ணும் பொருந்தவில்லை. அதைவிடப் பெரிய பிழை சட்டத்தில். அச்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை மவுண்ட் வைக்காமல், தாளின் முகம் கண்ணாடியைத் தொடும்படி அடைத்துவிட்டார்கள். ஈரப்பதம் ஏறினால் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உரித்தெடுத்தால் படமே கையோடு வந்துவிடும். இதுபோன்ற அச்சுகளையே தொழிலாகக் கொண்ட இடத்தில் இந்தப் பிழை நேரக் கூடாது. தொலைபேசியில் சொன்னதும் அவர்கள் வாதாடவில்லை. தங்கள் செலவிலேயே திரும்ப எடுத்துச் சென்று, அமிலமற்ற அட்டையில் நான்கு விரல் அகல மவுண்ட் வைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி பொருத்தி, திருத்திய சான்றிதழோடு மூன்று வாரத்தில் அனுப்பினார்கள். முதல் முறையே செய்திருக்க வேண்டிய வேலை. என்றாலும் செய்த விதம் நேர்த்தியானது. படத்தைத் தாங்கும் மூலைகள்கூடப் பசையில்லாத காகித மடிப்புகள்.

போகிறவர்கள் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள், முதல் அறையில் தொடங்குங்கள், உள்ளறையின் இழுப்பறைகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் அறையில் ‘அபி ரோட்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பெயர் அட்டைகளை மாற்றி, நான்கு பெரும்படங்களையும் இறக்கிவிட்டு அதே சுவரில் ஒரு கான்டாக்ட் ஷீட்டையாவது மாட்டினால், அதாவது ஃபிலிம் சுருளில் எடுத்த எல்லாப் படங்களையும் சிறு சிறு கட்டங்களாக அச்சிட்டுச் சிவப்புப் பென்சிலால் ஒன்றை மட்டும் வட்டமிட்ட அந்தத் தாளைக் காட்டினால், வருபவர்கள் ஒரு கலைஞர் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைத் தம் கண்ணாலேயே பார்ப்பார்கள். பொறுப்பாளரிடம் இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டிரம்மரின் கைகள் இப்போது என் மேசைக்கு மேலே, வெயில் எட்டாத சுவரில் இருக்கின்றன. மாலையில் விளக்கைப் போடும் நேரத்தில் அந்த வலக்கைக் குச்சியின் மங்கல் முதலில் தெரிகிறது, அதற்குப் பிறகுதான் விரல்கள்.